ஊஞ்சல் பலகையும் ஒரு கொக்கியும்

(பட்டிமன்றத் தலைப்பு: ‘இல்லத்துக்கு அழகு சேர்ப்பவை கடையில் வாங்கும் புதுப்பொருள்களா? காத்து வைத்த பழம்பொருளும் கையால் செய்த பொருளுமா?’ இரண்டாவது அணியில் பேசியவரின் உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ரொம்ப அழகாகப் பேசினார். தி. நகர் பாண்டி பஜாருக்குப் போனாராம். ஒரு பூ ஜாடி வாங்கினாராம். அதிலே வைக்க பிளாஸ்டிக் பூ ஒரு கொத்து வாங்கினாராம். வீடே சொர்க்கமாகிவிட்டதாம். அந்தப் பூ வாடவே வாடாதுன்னு பெருமையாச் சொன்னார். ஒத்துக்கறேன் நடுவர் அவர்களே, வாடாது. ஆனா தூசி படியும். அதை வாரா வாரம் சோப்புத் தண்ணியிலே முக்கி எடுக்கறது யாருன்னு அவர் வீட்டம்மாவைக் கேட்டாத்தான் தெரியும். (சிரிப்பு)

இன்னொன்றும் சொன்னார். “பழசையெல்லாம் சேர்த்து வச்சு வீட்டைக் காயலான் கடை ஆக்காதீங்க” என்றார். நான் கேட்கிறேன், காயலான் கடைக்குச் சாமான் எங்கேயிருந்து போகுது? நம்ம வீட்டிலேயிருந்துதானே போகுது? நேற்றுவரைக்கும் நடு வீட்டிலே இருந்த பொருள் இன்றைக்குத் தெருவைத் தாண்டின உடனே குப்பையாகிவிடுமா?

எங்கள் அணி பழசெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஓட்டைக் குடத்தைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பொருள் வீட்டுக்கு அழகாக வேண்டுமென்றால், அந்தப் பொருளுக்கும் அந்த வீட்டு மனுஷங்களுக்கும் ஏதாவது ஒரு பேச்சுவார்த்தை இருக்கணும். அவ்வளவுதான் எங்க கட்சி.

குப்பை என்று சொன்னதால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வடக்கே சண்டிகர் நகரம். சுதந்திரத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டிய ஊர். கட்டுவதற்காகப் பல கிராமங்களை அப்புறப்படுத்தினார்கள். அங்கே நேக் சந்த் என்று ஒரு சாலை ஆய்வாளர், சாதாரண அரசாங்க ஊழியர். 1957லே ஆரம்பித்தார். வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இடித்த வீடுகளில் கிடந்த உடைந்த பீங்கான், ஓட்டை மின்சார சாமான், உடைந்த கண்ணாடி வளையல், எல்லாவற்றையும் பொறுக்கி ஊருக்கு வெளியே காட்டுக்குள்ளே கொண்டு போய்ச் சிலைகளாகச் செய்து வைத்தார். அரசாங்க நிலம். அனுமதி கிடையாது. ஏறக்குறைய 18 வருஷம் அதிகாரிகளுக்குத் தெரியாது! கண்டுபிடித்தபோது இடித்துவிடலாமா என்று பார்த்தார்கள். கடைசியில் 1976லே ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதுதான் சண்டிகர் ராக் கார்டன். 1984லே அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2015லே காலமானார். இன்றைக்கும் அந்த ஊருக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்புவதில்லை. உடைந்த வளையலைக் கூட்டித் தள்ளுகிறபோது, நாம் அவ்வளவு தூரம் யோசிப்போமா?

நாம் என்ன செய்தோம், சொல்கிறேன். எங்கள் பாட்டி வீட்டு வாசலில் ஒருத்தர் வருவார். தலையிலே பெரிய கூடை. கூடை நிறையப் பளபளன்னு எவர்சில்வர். “பழைய பித்தளை, பழைய ஜரிகைப் புடவைக்குப் பாத்திரம்மா!” அந்தக் குரல் கேட்டால் போதும், தெருவே வாசலுக்கு வந்துவிடும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து கை ஓய்ந்து போன பெண்கள். எவர்சில்வர் வந்ததை நான் குறை சொல்லவே மாட்டேன். அது அவங்களுக்கு விடுதலை. ஆனா எங்கள் பாட்டி தன் கல்யாணப் புடவையைக் கொடுத்து என்ன வாங்கினார் தெரியுமா? ஒரு தூக்குச் சட்டி. மூடியோட! (சிரிப்பு) மூடி இனாம் என்று அதற்கு ஒரு சந்தோஷம் வேறே.

அந்தக் காலத்து ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றி, தங்க முலாம் பூசினது. வாங்கிக்கொண்டு போனவர் புடவையை எரித்து, அதில் நிற்கிற வெள்ளியை எடுப்பார். பட்டு போனது போனதுதான். அதே சென்னையிலே, அடையாறில், ருக்மிணி தேவி அம்மையார் 1936லே கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். அங்கே நெசவுக்கூடமும் வைத்தார். பழைய புடவைகளின் கரையையும் கட்டத்தையும் மாதிரியாக வைத்துக்கொண்டு புதுப் புடவை நெய்ய வைத்தார். எங்கள் பாட்டி புடவையில் என்ன கரை இருந்தது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. தூக்குச் சட்டி இருக்கிறது. அடியிலே ஓட்டை.

அப்போ எடைக்குப் போட்ட உருளியை இப்போ நாம் விலை கொடுத்து வாங்கி, ஹாலில் வைத்து, தண்ணீர் ஊற்றி, ரோஜா இதழைப் போட்டு மிதக்க விடுகிறோம். நடுவர் அவர்களே, அது பாயசம் கொதிச்ச இடம்! (கைதட்டல்)

நடுவர்: அம்மா, உருளியிலே பூ மிதந்தால் அதுவும் உங்கள் கட்சிதானே? பழம்பொருள்தானே?

ஐயா நல்லா மடக்கினீங்க. அதுக்குத்தான் வர்றேன். அதற்கு முன்னாலே எதிரணித் தலைவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். “பழைய மரச்சாமான் இடத்தை அடைக்கும், புதுசு கைக்கு அடக்கம்” என்றார். 2015 டிசம்பரை இந்த ஊர் மறந்திருக்காது. அடையாறு கரைபுரண்டு வந்ததே, அந்த வெள்ளத்தில் கோட்டூர்புரத்தில் என் சித்தி வீடு. தரைத்தளம். இடுப்பளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. சித்தியிடம் இரண்டு அலமாரி. ஒன்று புதுசு. கடையில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும், மேலே மரம் மாதிரியே ரேகை எல்லாம் இருக்கும். உள்ளே மரத்தூள், பசை போட்டு அழுத்தின பலகை. இன்னொன்று சித்தப்பாவின் அப்பா வாங்கின தேக்கு அலமாரி. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். புதுசு, பாலில் ஊறின ரஸ்க் மாதிரி உப்பி நின்றது. கையை வைத்தால் கையோடு வருது. அந்தத் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் அந்த மாதிரிக் குவியல்கள்தான். தேக்கு அலமாரி? கதவு இறுகிப் போய் மூன்று நாள் திறக்க மாட்டேன் என்றது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க மாட்டேன். மெதுவாகக் காய்ந்தது. திறந்தது. இன்றைக்கும் அதே அலமாரிதான். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. பல வருஷம் காய்ந்த மரத்தில் பச்சை ஈரமும் போயிருக்கும், புது மரம் அளவுக்கு வளையாது. இது பாட்டி சென்டிமென்ட் இல்லை, மரத்தின் குணம்.

இப்போ என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் அம்மா முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், தப்பாகச் சொன்னால் இங்கேயே திருத்துவார். (சிரிப்பு)

மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் கோயில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. தாத்தா கட்டினது. வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், நடுவிலே முற்றம். மேலே மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லுகிற கூரை. அது எப்படின்னா, பர்மாத் தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அதற்கு மேலே சின்னச் சின்ன மெல்லிய செங்கல்லைக் கோணலாக நிற்க வைத்துச் சுண்ணாம்பில் அடுக்குவார்கள். ஒரு துண்டு சிமெண்ட் கான்கிரீட் கிடையாது, கம்பி கிடையாது. ஏப்ரல், மே மாதத்தில் கூடத்தில் படுத்தால் மின்விசிறி வேண்டாம். கூடத்து உத்தரத்தில் ஊஞ்சல். ஒரே பலகை. நாங்கள் மூன்று பேர், நான், இரண்டு அண்ணன், அந்த ஊஞ்சலில் தூங்கி, படித்து, சண்டை போட்டு வளர்ந்தவர்கள். அம்மா கல்யாணமாகி வந்த அன்றைக்கு உட்கார்ந்த ஊஞ்சல் அது.

வீடு பழசாயிற்று. அண்ணன்கள் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆளுக்கொரு பங்கு வேண்டும். கட்டுமானக்காரரிடம் கொடுத்து அடுக்குமாடி கட்டுவதாக முடிவு. தப்பில்லை. மயிலாப்பூரில் எத்தனையோ வீடு அப்படித்தான் போயிற்று. சாமான்களை எடுத்துக்கொண்டு மந்தைவெளியில் வாடகை வீட்டுக்குப் போனோம். ஊஞ்சல் மட்டும் மாட்டியபடியே இருந்தது. “கடைசியிலே கழட்டிக்கலாம்” என்று பெரிய அண்ணன் சொன்னார்.

பழைய வீட்டை இடிக்கிறவர் நம்மிடம் கூலி கேட்க மாட்டார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் நமக்குப் பணம் கொடுப்பார். எதற்கு? உத்தரத்துக்கு, நிலைக்கு, கதவுக்கு, ஜன்னல் கம்பிக்கு, முழுசாக வருகிற செங்கல்லுக்கு. பழைய தேக்கைக் கன அடி கணக்கில் விற்பார்கள், அதில்தான் அவருக்கு லாபம். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ‘கட்டடம் உள்ளது உள்ளபடி.’ அண்ணன் கையெழுத்துப் போட்டார். அந்த வரிக்குள்ளே எங்க அம்மாவோட ஊஞ்சல் இருக்குன்னு யாருமே படிக்கலை. படிச்ச குடும்பம்தான், நானே ஆசிரியை!

மூன்றாம் நாள் நாங்கள் போய்ப் பார்த்தபோது கூடத்தில் வானம் தெரிந்தது. உத்தரம் இல்லை. ஊஞ்சல் இல்லை. வாசல் கதவு இல்லை. லாரி போய்விட்டது.

அம்மா வாடகை வீட்டில் கேட்டார்: “ஊஞ்சல் எப்போடா வரும்?” அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அம்மா மறுபடி கேட்கவும் இல்லை. அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நானும் சின்ன அண்ணனும் தேடிக்கொண்டு போனோம். ஊருக்கு வெளியே, பழைய மரம் விற்கிற இடம். பாவம், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரிக் கதவுகள் நிற்கின்றன. ஒவ்வொரு கதவிலும் மஞ்சள், குங்குமப் பொட்டு அழியாமல் இருக்கிறது. ஒரு நிலையில் காய்ந்த மாவிலை கூட. யாரோ ஒருத்தர் வீட்டுப் பொங்கல்! கதவு நம்பர் தகடு ஒன்று, தபால் பெட்டி ஒன்று. அரை நாள் தேடினோம். கடைசியில் அண்ணன் ஒரு பலகையைப் புரட்டினார். ஓரத்தில் முக்கோணமாகக் கருப்பு. எங்க அத்தை கரிப்பெட்டியை அப்படியே வச்சுட்டுப் போனதிலே தீய்ந்தது. வேறே சாட்சி வேண்டாம்.

“இது எங்க ஊஞ்சல்ங்க” என்றேன்.

அவர் நல்ல மனுஷர்தான், சிரித்துக்கொண்டே சொன்னார்: “இப்போ எங்க ஊஞ்சல்மா.”

ஆறாயிரம் ரூபாய். எங்கள் பொருளை நாங்களே ஆறாயிரம் கொடுத்து வாங்கினோம். சங்கிலி பித்தளை, அது அன்றைக்கே எடைக்குப் போய்விட்டது. வாசல் கதவு முதல் நாளே விற்றுவிட்டதாம். யார் வாங்கினார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

நடுவர் ஐயா கேட்டதற்கு இப்போ பதில் சொல்கிறேன். அந்தக் கதவு எங்கேயோ ஒரு வீட்டில், பாலிஷ் போட்டு, மேலே கண்ணாடி வைத்துச் சாப்பாட்டு மேசையாக நிற்கலாம். ஏதாவது உணவகத்தில் சுவரில் மாட்டியிருக்கலாம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு இருக்கிறது, போயிருப்பீர்கள். தெரு முழுக்கப் பழம்பொருள் கடை. செட்டிநாட்டு வீட்டுத் தூண், நிலை, பர்மாவிலிருந்து வந்த சாமான், வெளிநாட்டு எனாமல் பாத்திரம், வெற்றிலைப் பெட்டி, எல்லாம் கிடைக்கும். நானும் ஒரு அடுக்கு எனாமல் டிபன் கேரியர் வாங்கியிருக்கிறேன். அழகுதான். ஆனா உண்மையைச் சொல்லணும் இல்லையா? எதிரணிக்கு இந்த ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்கிறேன். கடையில் காசு கொடுத்து வாங்குகிற பழசு, பாதி உங்கள் கட்சி. ஏதோ ஒரு அம்மா “எப்போடா வரும்”னு கேட்ட பொருளாக அது இருக்கலாம். விற்றவர்களுக்கும் கஷ்டம் இருந்திருக்கும். குளம் மாதிரி முற்றம் வைத்த வீட்டைப் பத்துப் பங்காளிகள் எப்படிக் காப்பாற்றுவார்கள்? அதனாலே வாங்குகிறவரையும் நான் குறை சொல்லவில்லை. இடிபடுகிற கதவு அடுப்புக்குப் போகாமல் ஒரு வீட்டில் நிற்கிறதே, அது மேல். எந்த வீட்டுக் கதவு என்றாவது கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதையே கேட்டு, எழுதி, ஒழுங்காகச் செய்த இடம் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் என்ற அம்மையார் 1984லே தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை, 1996லே அதைத் திறந்தது. இடிபட இருந்த வீடுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, எடுத்து வந்து, மறுபடி பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்ரகாரத்து வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து ஒரு சிரியன் கிறிஸ்தவர் வீடு. இந்த வீடு இன்ன ஊரிலிருந்து வந்தது என்று சொல்லுவார்கள். அந்த இடத்துக்கு முதலில் வரைபடம் போட்டவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917லே பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007லே மறைந்தவர். கழித்த ஓட்டைக் கான்கிரீட்டுக்கு நடுவிலே வைத்துக் கூரை போடுவார், சிமெண்ட்டும் மிச்சம், வீடும் குளிர்ச்சி. இடித்த வீட்டு ஜன்னலைத் தேடி வாங்கி அதற்குத் தகுந்த மாதிரிச் சுவரை வைப்பார். நாம் ஜன்னலை வெட்டிச் சுவருக்குள் திணிக்கிறோம்! என் அம்மாவைத் தட்சிணசித்ராவுக்கு அழைத்துப் போனேன். அக்ரகாரத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. “இவங்க மட்டும் எப்படி ஆணி கூட விடாம எடுத்து வந்தாங்க?” என்றார். எனக்குத்தான் அது குத்தியது.

சரி. இரண்டு வருஷத்தில் அடுக்குமாடி எழும்பியது. மூன்றாவது மாடியில் அம்மாவுக்கும் பெரிய அண்ணனுக்கும் வீடு. பலகையைத் தூக்கிக்கொண்டு போனோம். கூடத்தில் அண்ணாந்து பார்த்தால், கொக்கி இல்லை! ஊஞ்சல் கொக்கியைத் தளம் போடுவதற்கு முன்னாலேயே கம்பியோடு சேர்த்துக் கட்டி, அதற்கு மேலே கான்கிரீட் கொட்டணும். அப்போதுதான் ஆள் பாரம் தாங்கும். எங்களில் ஒருத்தருக்காவது இன்ஜினியரிடம் சொல்லத் தோன்றியதா? டைல்ஸ் கலருக்கு நாலு கடை ஏறி இறங்கினோம். சமையலறை மேடைக்குக் கருப்பா, பச்சையான்னு ஒரு மாதம் வாதம். கொக்கிக்கு ஒரு வார்த்தை சொல்லலை. அப்புறமாகத் துளை போட்டு மாட்டலாமா என்று கேட்டால், “நான் பொறுப்பு ஏற்க மாட்டேன்” என்றார் இன்ஜினியர். மேல் வீட்டுக்காரர் முகம் கேட்ட உடனே மாறிவிட்டது.

தச்சு ஆசாரியை அழைத்தோம். நாலு கால் வைத்துத் தருகிறேன் என்றார். அம்மா சொன்னார்: “ஊஞ்சலுக்குக் கால் வச்சா அது பெஞ்சுடா.” கடைசியில் இரண்டு பழைய டிரங்குப் பெட்டி மேலே பலகையை வைத்தோம். ஜன்னல் ஓரம். நான் ஒரு பருத்தித் திண்டு தைத்துப் போட்டேன், பழைய புடவைத் துண்டுகளைச் சேர்த்து. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் “எங்கே வாங்கினீங்க?”ன்னு கேட்டார்கள். அம்மா மட்டும் உட்காரவில்லை. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு, “ஆடலையேடி” என்று எழுந்துவிட்டார். ஒரு வார்த்தை. எதிரணிக்காரர்கள் இத்தனை நேரம் பேசியதைவிட அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் கட்சிக்கு எதிரான பலமான வாதம். அந்த மாதம் முழுக்க நான் தோற்றுப் போனவளாகத்தான் இருந்தேன்.

அப்புறம் நவராத்திரி வந்தது. மயிலாப்பூரில் நவராத்திரி என்றால் வடக்கு மாட வீதியைச் சொல்லணும். நடைபாதை முழுக்கப் பொம்மை. மண் பொம்மை, காகிதக் கூழ்ப் பொம்மை, பண்ருட்டியிலிருந்து வந்தது, நம்ம கொசப்பேட்டையில் செய்தது, எல்லாம் இருக்கும். வைக்கோலில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள், குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கணும். கொலுப்படி இப்போ இரும்பிலே, மடக்கி வைக்கிற மாதிரி வருகிறது. அண்ணி அதை வாங்கலாம் என்றார். அம்மா, “எதுக்கு? அந்தக் காலத்திலே நாங்க பெட்டியும் பலகையும்தானே அடுக்கினோம்” என்று சொல்லி, தானே எழுந்தார். டிரங்குப் பெட்டியை நகர்த்தச் சொன்னார். பலகையைத் தூக்கச் சொன்னார். ஊஞ்சல் பலகை மேல்படி! அதுக்குக் கீழே அண்ணனோட புத்தகங்கள், அரிசி டின், ஸ்டூல். மேலே வெள்ளை வேட்டியை விரித்தார். மேல்படியில் முதலில் மரப்பாச்சி ஜோடி, அம்மாவுக்கு அவர் அம்மா கொடுத்தது. காகிதத்தில் வெட்டின சட்டையும் புடவையும் அதற்கு மாட்டினார்.

பிள்ளைகளைக் கூப்பிட்டார். “பார்க் பண்ணுங்கடா!” கொலு வைக்கிற வீட்டிலே பிறந்தவர்களுக்குத் தெரியும். தாம்பாளத்தில் மண்ணைப் பரப்பி, கடுகும் வெந்தயமும் தூவி, தண்ணீர் தெளித்தால் நாலைந்து நாளில் புல்வெளி. உடைந்த கண்ணாடித் துண்டு குளம். தீப்பெட்டி பெஞ்சு. தேங்காய் நாரில் மரம். கடையில் வாங்கினது என்று அதில் ஒன்றும் கிடையாது. ஆனா அந்தப் பத்து நாளும் வந்தவர்கள் கண் அங்கேதான் போயிற்று. என் அண்ணன் மகன், ஒரு நாளில் பாதி நேரம் செல்போனில் குனிந்திருக்கிற பையன், காலையில் எழுந்து முளைவிட்டதா என்று குனிந்து பார்த்தான்.

பலகை ஓரத்தில் வேட்டி விலகி, அந்த முக்கோணக் கருப்பு தெரிந்தது. வந்த மாமி ஒருத்தர் “அதை மூடிடுங்கோ, அசிங்கமா இருக்கு” என்றார். அம்மா மூடவில்லை. அத்தை கரிப்பெட்டியை வைத்துவிட்டு யார் குரல் கேட்டு வாசலுக்கு ஓடினாள் என்கிற கதையை, எனக்கே தெரியாத கதையை, கூடம் நிறைய இருந்தவர்களுக்குச் சொன்னார். சொல்லட்டுமா? வேண்டாம், அத்தை இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். (சிரிப்பு, கைதட்டல்)

கொலு கலைத்த மறுநாள் பலகை பழையபடி ஜன்னல் ஓரத்துக்கு வந்தது. மத்தியானம் நான் போனபோது அம்மா அதில் காலை நீட்டிப் படுத்திருந்தார். ஆடவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போ கீரை ஆய்வது, பேப்பர் படிப்பது, அண்ணன் மகன் தலையில் எண்ணெய் வைப்பது எல்லாம் அங்கேதான்.

கடைசியாக ஒன்று. சின்ன அண்ணன் இப்போது அடையாறில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டுகிறார். தளம் போடுகிற தேதி தெரிந்ததும் அம்மா யாரையும் கேட்காமல் இன்ஜினியருக்கே போன் போட்டுவிட்டார். “தம்பி, கூடத்திலே ரெண்டு பக்கமும் கொக்கி. கம்பியோட சேர்த்துக் கட்டணும். நான் வந்து பார்ப்பேன்.” சொன்னபடி ஆட்டோ பிடித்துப் போய், பலகை அடித்த சாரத்துக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். கொக்கி இருக்கு. சங்கிலி இன்னும் வாங்கலை. பலகையை அவனுக்குக் கொடுத்துடுவீங்களாம்மான்னு கேட்டேன். “இந்த வருஷக் கொலு முடியட்டும், பார்க்கலாம்” என்கிறார். பெரிய அண்ணன் மகன் கொடுக்க மாட்டேன் என்கிறான். அந்த வழக்கு தனியாக நடக்கிறது, அதற்கும் நடுவர் ஐயாதான் வந்து தீர்ப்புச் சொல்லணும்.

எனக்கு அடுத்து எதிரணியில் பேச வருகிற அம்மையார் எனக்குத் தெரிந்தவர். அவர் வீட்டு ஹாலுக்கு நான் போயிருக்கிறேன். பெரிய டி.வி., பெரிய சோபா, கண்ணாடி அலமாரி. அந்த அலமாரியில் வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு நடுவிலே, நூலில் பின்னின ஒரு சின்ன உறை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருக்கிறது. அது எந்தக் கடையில் வாங்கினது, யார் பின்னினது, இத்தனை வருஷமாக அதை ஏன் தூக்கிப் போடவில்லை என்பதை மட்டும் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் அவர் வாதத்தை ஆரம்பிக்கட்டும்.

 (பலத்த கைதட்டல்)